நாக்கில்லாத மணி

மேலவீட்டு வாசலில் முன்காப்புக்காரர்கள் கால் வைத்ததில்லை. சேந்தன்பட்டினத்தில் அந்தக் காலத்தில் இதைவிடப் பெரிய பெருமை ஒரு வீட்டுக்கு இருக்கவில்லை. ஆகையால் அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

கடல் ஊரின் முதல் தெருவை விழுங்கிவிட்டு, இரண்டாம் தெருவின் முனையில் வந்து படுத்துக்கொண்ட காலம் அது. உச்சி வெயிலில் வெளியே நின்றவர்கள் நின்ற இடத்திலேயே சுருண்டு விழுந்தார்கள். அதனால் பதினொன்றரைக்குச் சங்கு ஊதும். கடை, பள்ளிக்கூடம், கோர்ட்டு எல்லாம் அடைபடும். மூன்றரைக்கு மறுசங்கு ஊதும்வரை ஊர் உறங்கியாக வேண்டும் என்பது சட்டம். அந்த நாலு மணி நேரமும் ஊர் தண்ணீருக்கடியில் கிடப்பது போலிருக்கும். இலை அசையாது. காக்கை கரையாது. அடைத்த கதவுகளுக்குப் பின்னால் மூச்சு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், இன்னொரு கடல் ஊருக்குள்ளேயே இருப்பதைப் போல.

அந்த மூச்சைக் கேட்பதற்குத்தான் மணிகள் வந்தன. கவிழ்த்த சிரட்டை அளவு, வெண்கல நிறம், உள்ளே நாக்கு கிடையாது. உத்தரத்தில் மாட்டினால் தேனீ முனகுவது போல மெல்ல முனகும். கீழே படுத்திருப்பவரின் மூச்சைக் கேட்கும், முகரும். ஒன்றிரண்டு வருடம் கழித்து வரப்போகும் நோய் உறங்குகிறவரின் மூச்சில் இன்றைக்கே தெரிந்துவிடும் என்று கண்டுபிடித்திருந்தார்கள். மணி அதைச் சுகாதார நிலையத்துக்குச் சொல்லும். அங்கிருந்து முன்காப்பு ஊழியர் ஒருவர் வீடு தேடி வருவார். மாத்திரையோ, சாப்பாட்டில் ஒரு மாற்றமோ, சில வீடுகளில் வாரம் ஒருமுறை வந்து உட்கார்ந்து பேசுவதோ, அவ்வளவுதான். வந்திருக்க வேண்டிய நோய் வராமலே போய்விடும். மணி வந்த ஆறு வருடத்தில் ஊர் ஆஸ்பத்திரியில் பாதிக் கட்டில் காலியானது உண்மை.

ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் வேறொன்றைக் கேட்கத் தொடங்கினார்கள். "முன்காப்பு வந்த வீடா?" வந்த வீடென்றால் காபியோடு எழுந்துவிடுவார்கள்.

அப்போதுதான் பெரிய தெருவில் அந்தப் பழக்கம் வந்தது. திடமான உடம்புக்காரி ஒருத்தியைப் பிடித்து, மணிக்குக் கீழே அவளை உறங்கவைப்பது. வீட்டார் பின்கட்டில் உறங்குவார்கள். மணி அவள் மூச்சைக் கேட்டுவிட்டு, வீட்டில் எல்லோரும் நலம் என்று சொல்லிக்கொண்டிருக்கும். இதைத் தவறென்று சொல்ல வருபவர்கள், அந்தத் தெருவில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

மேலவீட்டுப் பிரமநாயகம் நில அளவைத் துறையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்திரண்டு வயதிலும் அவர் முதுகு நாற்காலியின் முதுகைத் தொட்டதில்லை. மணி வந்த வாரமே அதை முன்னறையில் மாட்டி, உப்பளத்தில் வேலை செய்யும் சுடலி என்பவளை வரச்சொல்லிவிட்டார். உப்பளத்துப் பெண்கள் விடியுமுன் வரப்பில் இறங்கி, சங்குக்குமுன் வேலையை முடிப்பவர்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் தகரக் குடிசைகளில் கிடந்து வேகிறதைவிட, சுண்ணாம்புச் சுவருக்குள் உறங்கக் கசக்குமா? நெல்லும் தீபாவளிக்குச் சேலையும் பேச்சு.

தினமும் சங்கு ஊதும் நேரத்தில் பக்கவாசல் திறக்கும். "வந்துட்டேன்யா" என்று குரல் கேட்கும். பிரமநாயகம் பின்கட்டிலிருந்து ஒருமுறை இருமுவார். ஆறு வருடமாக அவர்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். உறங்கும் பெண்ணை அந்த வீட்டு ஆண்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. முன்னறைக் கதவுக்கு வெளியே கிடக்கும் செருப்பைத் தாண்டி அவர் பார்வை போனதில்லை. அந்தச் செருப்பு ஒருநாள் நீலமாக இருக்கும், ஒருநாள் வார் அறுந்து ஊக்குப் போட்டிருக்கும். இவளுக்கு எத்தனை செருப்பு என்று ஒருமுறை நினைத்துக்கொண்டார்.

அந்தப் புரட்டாசியில் ஒருநாள், மறுசங்கு ஊதி ஊர் கண் விழிக்கும் நேரத்தில், வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பருத்திச் சேலை, தோளில் சாம்பல் நிறப் பை. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று சத்தமில்லாமல் திறந்தது.

"ஐயா, நான் ஜெனோவா. சுகாதார நிலையத்துல இருந்து வாரேன்."

பிரமநாயகம் நிலைப்படியில் நின்றார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"வீடு மாறி வந்துட்டீங்க."

"இல்லய்யா. வடிவாம்பாள் உங்க மகதான?"

"அவ கல்யாணச் சேலை எடுக்கத் திருநெல்வேலிக்குப் போயிருக்கா. அவ அத்தைகூட. நாளைக்குச் சாயங்காலந்தான் வருவா. ஐப்பசி பன்னெண்டுல முகூர்த்தம், மாப்பிள்ளை தென்காசி." ஒவ்வொரு சொல்லையும் பூட்டுப் போடுவதுபோலச் சொன்னார்.

ஜெனோவா எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மூச்சுல நெஞ்சு தளர்ச்சி தெரியுதுய்யா. இருதயத்துச் சதை மெல்ல மெல்லத் தொய்யுது. இப்பத்தான் தொடக்கம். மாத்திரையிலயே நின்னுரும். விட்டா ஒன்றரை வருஷம். நடுவுல ஒரு பிரசவம் வந்துச்சுன்னா அதுவரைக்கும்கூடத் தாங்காது. உங்க குடும்பத்துல யாருக்காவது இப்படி..."

"எங்க குடும்பத்துல யாருக்கும் எதுவும் கிடையாது."

"உங்க வீட்டம்மா..."

"அவ தூக்கத்துல போனா. புண்ணியம் பண்ணவளுக்கு அப்படித்தான் சாவு வரும். நீங்க போகலாம்."

அவள் போனாள். மறுநாள் மறுபடி வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பிரமநாயகம் உள்ளே வந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதலில் அவருக்கு வந்தது ஒருவித நிம்மதி, ஏளனம் கலந்த நிம்மதி. மணியும் முட்டாள், அந்தப் பெண்ணும் முட்டாள். அந்த மணிக்குக் கீழே வடிவு படுத்ததே இல்லையே! அது சுடலியின் மூச்சு.

சுடலியின் மூச்சு என்ற இடத்தில் நினைப்பு தடுக்கி நின்றது.

அப்படியென்றால் சாகப்போவது சுடலி. அந்த விஷயம் இப்போது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வாய் திறந்தால் ஆறு வருடப் பித்தலாட்டம் தெருவுக்கு வரும், மூன்று வாரத்தில் நடக்கவிருக்கும் கல்யாணம் நிற்கும். திறக்காவிட்டால் ஒருத்தி சாவாள். வடிவு பெயரில் மாத்திரையை வாங்கிச் சுடலிக்குக் கொடுத்துவிட்டால் என்ன என்றுகூட யோசித்தார். நெஞ்சில் கருவி வைத்துப் பார்க்காமல் கொடுப்பார்களா? அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் சங்கு ஊதியது. பக்கவாசல் திறந்தது.

"வந்துட்டேன்யா."

பிரமநாயகம் இருமவில்லை. எழுந்து வந்து, ஆறு வருடத்தில் முதல் தடவையாக முன்னறை வாசலில் நின்றார். பாயை உதறிக்கொண்டிருந்தவள் பதறி எழுந்து முந்தானையைத் தலைக்கு இழுத்தாள். முழங்கைவரை உப்புப் பூத்த கை.

"சுடலி, உங்கிட்ட ஒண்ணு பேசணும்."

அவள் விழித்தாள். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேவிட்டாள். "சுடலியா? அவ நாசரேத்துக்கு மக வீட்டோட போயி மூணு வருஷமாச்சுய்யா. இன்னுமா அவ பேரைச் சொல்லுதீய? நான் முத்துப்பேச்சி. எம்முறை புதன்கிழமை."

"முறையா?"

சிரிப்பு அவள் முகத்தில் உறைந்தது. சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்துவிட்டது. "வடிவம்மாவுக்குத் தெரியும்யா. அவுகளை ஏசிராதீய. நாங்க முறை வச்சுத்தான் வாரோம். திங்களுக்கு ஒருத்தி, செவ்வாய்க்கு ஒருத்தி. இந்தக் கூட்டம் முடிஞ்சா அடுத்த கூட்டம். எங்க பக்கம் மணி கிடையாதுல்லா? இங்கன வந்து ஒரு தூக்கம் போட்டா, உள்ள என்னமும் இருந்தா அந்த ஜெனோவாம்மா உப்பளத்துக்கே வந்து காதோட சொல்லிட்டு மாத்திரை குடுத்துட்டுப் போகும்."

பிரமநாயகம் கதவுக்கு வெளியே கிடந்த செருப்பைப் பார்த்தார். நீலச் செருப்பும் ஊக்குச் செருப்பும் நினைவுக்கு வந்தன.

"இன்னொண்ணு சொல்லுவேன், கோவிக்கக் கூடாது" என்றாள் முத்துப்பேச்சி. "இந்த இடத்துல படுத்தா எல்லாத்துக்கும் ஒரே கனாதான் வருது. அந்தா அந்த ஜன்னலு வழியா பக்கவாசல் கொல்லை தெரியுதுல்லா, அங்கன ஒரு அம்மா மஞ்சச் சேலையில துணி காயப் போடுவாக. பாதியில நிப்பாக. கொடியைப் பிடிச்சுக்கிட்டு, இந்தக் கையை நெஞ்சுல வச்சு, ரொம்ப நேரம். அப்புறம் யாரும் பாத்தாகளான்னு திரும்பிப் பாத்துட்டு அடுத்த துணியை எடுப்பாக. மொத மொத அதைச் சொன்னவ சுடலிதான். அவ கண்ணால பாத்தாளோ கனாவுல பாத்தாளோ. இப்ப வந்த பிள்ளைகளும் அதையேதான் சொல்லுது."

வெளியே வெயில் வெண்மையாக நின்றது. கொடியில் ஒன்றும் காயவில்லை.

அவர் மனைவி உலகம்மாளுக்கு மஞ்சள் சேலைதான் பிடிக்கும். நாலு வருடத்துக்கு முன்னால், இதே உச்சிப்பொழுதில், பின்கட்டில் அவருக்கு ஒரு முழம் தள்ளிப் படுத்திருந்தவள் எழுந்திருக்கவில்லை. அப்போது மணி இந்த அறையில் வேறொருத்தியின் மூச்சைக் கேட்டு, வீட்டில் எல்லோரும் நலம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. இந்த இரண்டையும் பிரமநாயகம் இதுவரை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

"நீ படு" என்றார். "படும்மா."

கதவை அவரே சாத்தினார். வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, உள்ளே அந்த மூச்சு ஏறுவதையும் இறங்குவதையும் மூன்றரை வரை கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அவர்கள் கூரைக்குக் கீழே ஒரு வேளை கண் அயர்ந்தவருக்கு ஒரு கெடுதல் என்றால், அது வீட்டுக்குப் பட்ட கெடுதல். அவருடைய அப்பா ஒரு வழிப்போக்கனுக்காகக் கோர்ட்டு வரை போனவர். கௌரவம் என்பதை அவர் அங்கிருந்துதான் கற்றார். இடையில் எங்கேயோ அதை மணியின் வாயில் கொண்டுபோய் மாட்டிவிட்டார்.

மறுசங்கு ஊதியதும் சலவை வேட்டியை எடுத்துக் கட்டினார். குடையை மடக்கிக் கையில் பிடித்தார். சுகாதார நிலையத்துக்குப் பின்சந்து வழியும் உண்டு. ஒளிந்து போவது அவருக்கு வராது. கடைகள் திறந்துகொண்டிருந்த பெரிய தெருவின் நடுவில், எல்லோரும் பார்க்க நடந்தார். ஜவுளிக்கடை வாசலில் ஒருவர் எழுந்து நின்றார். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மேலவீட்டுக்காரர் சாம்பல் நிறப் பலகை மாட்டிய அந்த வாசலில் ஏறியதை ஊர் பார்த்தது.

"உக்காருங்கய்யா" என்றாள் ஜெனோவா.

"நின்னே சொல்லுதேன். அந்த மணிக்குக் கீழ என் மக படுக்கிறதில்ல. நானும் படுக்கிறதில்ல. ஆறு வருஷமா வேற ஆளை வச்சுப் படுக்க வச்சேன். உப்பளத்துப் பொம்பளைங்க. அவங்கள்ல ஒருத்திக்கு நெஞ்சு தளருது. யாருன்னு கண்டுபிடிச்சு மருந்து குடுங்க. அபராதமோ கேஸோ, எது உண்டோ அதை எம்பேர்ல எழுதுங்க."

ஜெனோவா எழுதவில்லை. எழுந்து, அவர் நிற்பதால் தானும் நின்றாள்.

"நாப்பத்திமூணு பேருய்யா."

"என்னது?"

"இதுவரைக்கும் உங்க வீட்டு மணி கேட்ட மூச்சு. எல்லாம் வடிவாம்பாள் பேர்ல. மணிக்கு மூச்சு தெரியும், பேர் தெரியாது. பேர் நாங்க எழுதுறதுதான்."

"தெரிஞ்சும் ஏன் பிடிக்கல?"

"பிடிச்சா மணியைக் கழட்டணும். அப்புறம் அவுங்க எங்க போய்ப் படுப்பாங்க? வீட்டு நம்பர் இருந்தாத்தான் மணி தரலாம்னு உத்தரவு. ஓடைக்கு அந்தாண்ட நம்பரே கிடையாது. என்னைக்கோ யாரோ ஒரு அளவைக்காரர் ஓடையோட கோட்டை நிப்பாட்டிட்டாராம். அந்தாண்ட வெறும் உப்புத்தரைன்னு எழுதிட்டாராம்."

அந்தக் கோட்டை எந்தப் பேனாவால் போட்டார் என்பதுகூடப் பிரமநாயகத்துக்கு ஞாபகம் இருந்தது. அன்றும் வெயில். ஓடையைத் தாண்ட அவருக்கு மனம் வரவில்லை.

"ஏழு பேருக்குச் சிறுநீரகம் கெடாமப் பார்த்திருக்கோம். வெயில்ல நின்னு நின்னு அவுங்களுக்கு அதுதான் முதல்ல போகும். ஒரு பிள்ளை உயிரை வெறுத்துக்கிட்டு இருந்தா. மூச்சுலயே தெரிஞ்சுது. ஆறு மாசம் தினமும் போய்ப் பேசினோம். இப்ப அவதான் உங்க வீட்டுச் சனிக்கிழமைக்காரி. எல்லாம் உங்க வீட்டு மணியாலதான்."

அவருக்குத் தலை நிமிர்வதா குனிவதா என்று தெரியவில்லை. "சரி. அப்ப இது யாரு? அதைச் சொல்லுங்க."

ஜெனோவா அவரை இரக்கத்தோடு பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் தன் வாழ்நாளில் யாரிடமிருந்தும் வாங்கியதில்லை.

"உப்பளத்து ஆளுன்னா நான் உப்பளத்துக்குப் போயிருப்பேனேய்யா. ஆறு வருஷமா அப்படித்தான போறேன்? உங்க வாசல்ல எதுக்கு வந்து நின்னேன்?" வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "வரப்புல வேலை பாக்கிறவங்க மூச்சுல எப்பவும் உப்பு இருக்கும். எத்தனை குளிச்சாலும் போகாது. இந்த மூச்சுல உப்பு இல்ல. ஆவணி கடைசியில, பருவம் தப்பி மழை பெய்ஞ்சுதே, அந்த மூணு நாளும் இதே மூச்சுதான்."

ஓடை புரண்டு, உப்பளத்திலிருந்து யாரும் ஊருக்குள் வரமுடியாத மூன்று நாட்கள். அந்த மூன்று நாளும் சங்கு ஊதியபோது பக்கவாசலில் குரல் கேட்கவில்லை. வழக்கத்தில் அவர் இருமினார்.

குடையை ஊன்றிக்கொண்டு, மறுபடி சொல்லப்படாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். முதுகு நாற்காலியின் முதுகைத் தொட்டது.

வீட்டுக்கு வந்தபோது வடிவு வந்திருந்தாள். கூடத்தில் சேலைகள் விரித்துக் கிடந்தன. "எப்பா, இந்த அரக்கு எப்படி இருக்கு? அத்தை நல்லால்லங்காக" என்று நிமிர்ந்தவள், அவர் முகத்தைப் பார்த்துச் சேலையைக் கீழே விட்டாள்.

"மழை பெய்ஞ்சப்ப முன்னறையில படுத்தியா?"

"யாரு சொன்னா?"

"படுத்தியா?"

"யாரும் வரலல்லா. மணி வெறும் பாயைக் கேட்டுக்கிட்டு இருக்குமேன்னு..." தலையைக் குனிந்துகொண்டாள். "அதுவும் இல்லப்பா. அவுக எல்லாரும் ஒரு கனாவைச் சொல்லுவாக. எனக்கு ஒருநாளும் வரல. அம்மாவை ஒருக்கா பாக்கணும்னு இருந்துச்சு."

"பாத்தியா?"

"மூணு நாளும். கொடியில துணி எடுத்துட்டு இருந்தா. கடைசி நாள் என்னைத் திரும்பிப் பாத்தா."

பிரமநாயகம் மகளுக்குப் பக்கத்தில், சேலைகளுக்கு நடுவே, தரையில் உட்கார்ந்தார். ஜெனோவா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். வடிவு அழவில்லை. அரக்குச் சேலையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"மாத்திரையில நின்னுரும்னாகளா?"

"நிக்கும்னு சொன்னா. இப்பவே தொடங்கினா."

"அப்ப சரி." மடித்த சேலையை ஓரமாக வைத்துவிட்டு, "தென்காசிக்காரங்களுக்கு நான் சொல்லுதேன்ப்பா. வேண்டாம்னா போறாக."

"நான் இருக்கும்போது நீ எதுக்குச் சொல்லணும்? இந்த வீட்டுப் பேச்சை நாந்தான் பேசணும்."

அன்றைக்கே போனில் பேசினார். தென்காசிச் சம்பந்தியிடம் மணியைச் சொன்னார், ஆள் வைத்ததைச் சொன்னார், வடிவின் நெஞ்சைச் சொன்னார். ஒரு சொல்லையும் மெழுகவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, சம்பந்தி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அண்ணாச்சி, அந்த மணியை எந்த அறையில மாட்டினா நல்லா கேக்கும்? எங்க வீட்டுல மாட்டின இடத்துல இதுவரைக்கும் நாங்க யாரும் படுத்ததில்ல, பாத்துக்கிடுங்க."

கல்யாணம் தைக்குத் தள்ளிப்போனது. மாத்திரையில் நோய் நிற்கிறதா என்று முதலில் பார்க்கலாம் என்று ஜெனோவாதான் சொன்னாள். அதற்குள் பிரமநாயகம் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினார். ஓடைக்கரைக் கோடு தவறு, போட்டவன் நானே, என்று அது தொடங்கியது. பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை மேலவீட்டு முன்னறைச் சுவரில் ஒரு அட்டை தொங்கியது. அளவைக்காரரின் சாய்ந்த கையெழுத்தில் கிழமைகள், எதிரே பெயர்கள். செவ்வாய், பிரமநாயகம். புதன், முத்துப்பேச்சி. வெள்ளி, வடிவாம்பாள்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை சங்கு ஊதியது. கடைகள் அடைபட்டன. ஊர் மெல்லத் தண்ணீருக்குள் இறங்கியது. பிரமநாயகம் முன்னறைக்கு வந்தார். கதவுக்கு வெளியே தம் செருப்பைக் கழற்றி, நேராக, ஒன்றோடொன்று ஒட்டி வைத்தார். பாயில் உட்கார்ந்தார். உத்தரத்தில் மணி முனகிக்கொண்டிருந்தது. மறுநாள் முறைக்கு ஒருநாள் முன்னதாகவே வந்து, வடிவோடு பின்கட்டில் படுத்திருந்தாள் முத்துப்பேச்சி. ஓடைக்கு அந்தப் பக்கம் அன்று அப்படி வெயில்.

வயதான உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தார். ஆறு வருடமாக யாரும் கேட்காத மூச்சு. அதை வெளியே விடக் கூச்சமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கொல்லையில் கொடி வெறுமையாகத் தெரிந்தது. கண்ணை மூடினார்.

"வந்துட்டேன்" என்றார்.

பின்கட்டிலிருந்து முத்துப்பேச்சி ஒருமுறை இருமினாள்.